தாத்தாவின் பெட்டியில் வேட்டைத் தோட்டா: ஷோகேஸில் வைக்கலாமா? சட்டம் சொல்வது என்ன?

பழைய வீட்டை விற்பதற்கு முன் பரணைக் காலி செய்கிறீர்கள். டிரங்குப் பெட்டியின் அடியில் மங்கிப்போன ஒரு சிறிய அட்டைப்பெட்டி. திறந்தால் ஐந்து பித்தளைத் தோட்டாக்கள். ஒவ்வொன்றும் உங்கள் நடுவிரலைவிட நீளம். அடிப்பகுதியில் 'கைனாக்' என்ற பெயரும் '.470' என்ற எண்ணும் பொறிக்கப்பட்டிருக்கின்றன.

தாத்தா அந்தக் காலத்தில் ஷிகாருக்குப் போனவர் என்று வீட்டில் சொல்லிக் கேட்டிருக்கிறீர்கள். "அட, சூப்பரா இருக்கே! துடைச்சு ஹால் ஷோகேஸ்ல வெச்சிடலாம்" என்று தோன்றும். போட்டோ எடுத்து ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்பில் போடவும் கை துறுதுறுக்கும்.

கொஞ்சம் பொறுங்கள். உலகின் பல நாடுகளில் இப்படிப்பட்ட தோட்டாக்களைத் தேடிச் சேகரிப்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் இந்தியாவில் உரிமம் இல்லாமல் ஒரே ஒரு உயிருள்ள தோட்டாவை வைத்திருந்தாலும் அது குற்றம். தண்டனை குறைந்தபட்சம் 2 ஆண்டு சிறை. 'அழகுக்காகத்தான் வைத்தேன்' என்பது சட்டத்தின் கண்ணில் விலக்கு ஆகாது.

இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. அந்த '.470' என்ற எண் பிரபலமானதற்கே காரணம், பிரிட்டிஷ் இந்தியாவில் வந்த ஒரு தடைதான். இரண்டையும் பார்ப்போம்.

இது என்ன வகைத் தோட்டா? ஏன் இவ்வளவு பெரிசு?

யானை, காட்டெருமை, புலி போன்ற பெரிய விலங்குகளை வேட்டையாட பிரிட்டனில் உருவாக்கப்பட்ட தோட்டாக்கள் இவை. 'நைட்ரோ எக்ஸ்பிரஸ்' என்பது இந்தக் குடும்பத்தின் பொதுப்பெயர். கரிமருந்துக்குப் பதிலாகப் புகை குறைந்த 'நைட்ரோ' வெடிமருந்து வந்ததால் முதல் பாதி. எக்ஸ்பிரஸ் ரயிலின் வேகத்தை நினைவூட்ட ஏற்கெனவே புழக்கத்தில் இருந்த வியாபாரப் பெயர் இரண்டாம் பாதி.

1898இல் லண்டனின் ஜான் ரிக்பி நிறுவனம் கொண்டுவந்த .450 நைட்ரோ எக்ஸ்பிரஸ் இந்தக் குடும்பத்துக்கு வழி திறந்தது. அதற்குப் பிறகு வரிசையாகப் பல அளவுகள் வந்தன. எடையைப் பார்த்தால் விஷயம் புரியும் (இங்கே சொல்வது பாய்ந்து போகும் குண்டின் எடை மட்டும், முழுத் தோட்டாவின் எடை அல்ல):

- .450 நைட்ரோ எக்ஸ்பிரஸ்: சுமார் 31 கிராம்
- .470 நைட்ரோ எக்ஸ்பிரஸ்: சுமார் 32 கிராம்
- .577 நைட்ரோ எக்ஸ்பிரஸ்: சுமார் 49 கிராம்
- .600 நைட்ரோ எக்ஸ்பிரஸ்: சுமார் 58 கிராம்

ஒப்பிட்டுப் பார்க்க: இந்திய ராணுவம் பயன்படுத்திய இன்சாஸ் துப்பாக்கியின் குண்டு சுமார் 4 கிராம். .470 குண்டு நான்கு பத்து ரூபாய் நாணயங்களின் எடை. .600 குண்டு ஏறக்குறைய ஒரு கோழிமுட்டையின் எடை.

பெயரில் இருக்கும் எண்கள் எதைச் சொல்கின்றன?

துப்பாக்கிக் குழலின் உள்விட்டத்தை அங்குலத்தில் சொல்வது வழக்கம். .450 என்றால் ஏறக்குறைய அரை அங்குலத்துக்குக் கொஞ்சம் கீழே. ஆனால் பெயரை அப்படியே அளவாக எடுத்துக்கொள்ள முடியாது. .470 தோட்டாவின் குண்டு உண்மையில் .475 அங்குலத்தை ஒட்டி இருக்கும்.

சில தோட்டாக்களுக்கு இரண்டு எண்கள் இருக்கும். .450/400 என்றால், .450 தோட்டாவின் கூட்டை எடுத்து, அதன் வாயை .400 குண்டுக்கு ஏற்றபடி சுருக்கியிருக்கிறார்கள் என்று பொருள். குமாயூன் மலைகளில் ஆட்கொல்லிப் புலிகளை வேட்டையாடிய ஜிம் கார்பெட் வைத்திருந்த இரட்டைக்குழல் துப்பாக்கிகளில் ஒன்று இந்த ரகம்தான்.

1907இல் என்ன நடந்தது?

அந்தக் காலத்தில் இந்தியாவுக்கு வேட்டைக்கு வந்த துரைமார்களிடமும், சமஸ்தான மன்னர்களிடமும் .450 ரகம் செல்வாக்கோடு இருந்தது. அதேநேரம், ராணுவம் பழையது என்று ஒதுக்கிய மார்ட்டினி-ஹென்றி துப்பாக்கிகள் நாட்டுக்குள்ளும் எல்லைப் பகுதிகளிலும் நிறைய சுற்றிக்கொண்டிருந்தன. அவற்றின் குண்டும் ஏறக்குறைய இதே அளவு.

வேட்டைத் தோட்டாவிலிருந்து குண்டைக் கழற்றிக் கலகக்காரர்கள் இந்தப் பழைய துப்பாக்கிகளுக்குப் பயன்படுத்திவிடுவார்களோ என்பது அரசின் பயம். 1907இல் இந்தியாவிலும் சூடானிலும் .450 ரக வேட்டைத் துப்பாக்கிகளுக்கும் தோட்டாக்களுக்கும் தடை வந்தது.

பெரிய சந்தை ஒன்று கைநழுவிப் போவதைப் பிரிட்டிஷ் துப்பாக்கி நிறுவனங்கள் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. தடை .450க்குத்தானே? கொஞ்சம் அளவை மாற்றினால் போதும். ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் .500/465ஐக் கொண்டுவந்தது. ஜோசஃப் லாங்கின் .470, ஜெஃப்ரியின் .475 நம்பர் 2, வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸின் .476 என்று அந்த இடத்தைப் பிடிக்கப் போட்டி. விலங்கின் மேல் இவை ஏற்படுத்தும் விளைவில் பெரிய வித்தியாசம் கிடையாது. வித்தியாசம் இந்தியச் சட்டத்தைத் தாண்டி வருவதில்தான்.

அதனால்தான் ஒரு சேகரிப்பாளரின் பெட்டியில் .450க்குப் பக்கத்தில் .465, .470, .475, .476 என்று இவ்வளவு நெருக்கமான எண்கள் வரிசையாக நிற்கின்றன. காலனி ஆட்சி எதைக் கண்டு பயந்தது என்பது அந்த வரிசையில் இருக்கிறது.

பயம் முழுக்கக் கற்பனை என்றும் சொல்ல முடியாது. 1914 ஆகஸ்டில் கல்கத்தாவின் ரோடா துப்பாக்கி நிறுவனத்துக்கு வந்த சரக்கிலிருந்து 50 மவுசர் கைத்துப்பாக்கிகளையும் சுமார் 46,000 தோட்டாக்களையும் வங்காளப் புரட்சியாளர்கள் கடத்திச் சென்றார்கள்.

ராணுவ ரகத் தோட்டா பொதுமக்கள் கையில் இருக்கக் கூடாது என்ற அந்த யோசனை இன்றும் தொடர்கிறது. ராணுவ ரகமான .303 இப்போதும் சாதாரண உரிமத்தில் கிடைக்காத 'தடைசெய்யப்பட்ட' ரகம். இந்தியத் தொழிற்சாலைகளில் .315 என்ற ரகத் துப்பாக்கி பொதுமக்களுக்காகத் தயாரானதன் பின்னணியும் இதுதான்.

சேகரிப்பவர்கள் எதைத் தேடுகிறார்கள்?

தோட்டாவின் அடிப்பகுதியில் இருக்கும் பொறிப்புதான் அதன் ஜாதகம். தயாரித்த நிறுவனம், அளவு, சில நேரம் காலம் எல்லாம் அதில் தெரியும். குண்டின் வடிவம், கூட்டின் நீளம், அட்டைப்பெட்டியின் லேபிள் ஆகியவையும் முக்கியம். பெட்டி கிழியாமல் இருந்தால் மதிப்பு கூடும்.

எலி, கைனாக், வின்செஸ்டர் போன்ற நிறுவனங்கள் ஒரு காலத்தில் கடைகளில் மாட்டுவதற்காகத் தோட்டாப் பலகைகளைத் தயாரித்தன. நடுவில் படம், சுற்றிலும் வெடிமருந்து இல்லாத மாதிரித் தோட்டாக்கள். இன்று சேகரிப்பாளர்கள் மிக விரும்பித் தேடும் பொருள்களில் அதுவும் ஒன்று.

1960களில் கைனாக் இந்தப் பெரிய ரகங்களின் தயாரிப்பை நிறுத்தத் தொடங்கியது. காலனிகள் விடுதலை பெற்றன, வேட்டைச் சந்தை சுருங்கியது. பின்னாளில் அதே பெயரில் வேறு நிறுவனம் தயாரிப்பைத் தொடங்கினாலும், பழைய பெட்டிகள் அரும்பொருள் ஆகிவிட்டன.

இந்தியாவில் வேட்டையின் கதை 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு முடிந்தது. அந்த ஆண்டுக் கணக்கெடுப்பில் நாடு முழுவதும் எண்ணப்பட்ட புலிகள் 1,827. 2022 மதிப்பீட்டின் சராசரி 3,682. துப்பாக்கிகள் பீரோவுக்குள் போயின. மிச்சத் தோட்டாக்கள் பெட்டிக்கடியில் தங்கிவிட்டன. பல குடும்பங்களில் துப்பாக்கியை ஒப்படைத்தவர்கள், தோட்டாவை மறந்துவிட்டார்கள். பிரச்சனை அங்கேதான் தொடங்குகிறது.

சரி, இந்தியாவில் வைத்திருக்கலாமா?

1959 ஆயுதச் சட்டத்தின் 3வது பிரிவு தெளிவாக இருக்கிறது. துப்பாக்கியோ தோட்டாவோ, வாங்கவும் வைத்திருக்கவும் எடுத்துச் செல்லவும் உரிமம் வேண்டும். உரிமத்தில் எந்த ரகம், எத்தனை தோட்டா என்பதும் குறிப்பிடப்பட்டிருக்கும். உங்களிடம் 12 போர் துப்பாக்கிக்கு உரிமம் இருப்பதால் .470 தோட்டாவை வைத்துக்கொள்ள முடியாது.

மீறினால் 25வது பிரிவு பொருந்தும். 2019 திருத்தத்துக்கு முன் இந்தக் குற்றத்துக்கு 1 முதல் 3 ஆண்டு வரை சிறை. இப்போது 2 முதல் 5 ஆண்டு வரை சிறையும் அபராதமும். சிறப்புக் காரணங்களைப் பதிவு செய்து நீதிமன்றம் குறைக்கலாம். ஆனால் அது வழக்கு நடந்து முடியும் கட்டத்தில் நடப்பது.

வெளிநாட்டிலிருந்து நண்பர் பரிசாகக் கொண்டுவந்தாலும் கதை இதேதான். இறக்குமதிக்கு 10வது பிரிவின்கீழ் உரிமம் தேவை.

மற்ற நாடுகளில் எப்படி? அமெரிக்காவின் பல மாகாணங்களில் பழைய தோட்டாக்களைப் பெரிய கட்டுப்பாடு இல்லாமல் சேகரிக்கலாம். பிரிட்டனில் உயிருள்ள தோட்டாவுக்குச் சான்றிதழ் வேண்டும், முழுவதும் செயலிழந்ததற்கு வேண்டாம். நீங்கள் யூடியூபில் பார்க்கும் சேகரிப்பு வீடியோக்கள் பெரும்பாலும் அந்தச் சட்டங்களுக்குள் எடுக்கப்பட்டவை. இங்கே செல்லாது.

"பழைய துப்பாக்கிக்கு விலக்கு உண்டுன்னு சொல்றாங்களே?"

உண்டு. ஆனால் அது துப்பாக்கிக்கு. பழுது பார்த்தாலும் சுட முடியாத நிலையில் இருக்கும் தொன்மையான ஆயுதங்களுக்கு 45வது பிரிவு விலக்கு தருகிறது. 2020இல் விதிகள் திருத்தப்பட்டு, 'கியூரியோ' என்ற அரும்பொருள் வகைச் சிறு ஆயுதங்களை இந்தியக் குடிமக்கள் உரிமம் இல்லாமல் வைத்திருக்கலாம் என்றும் சொல்லப்பட்டது. ஆனால் உரிமத்தில் பதிவு இல்லாமல் அவற்றுக்குத் தோட்டா விற்கக் கூடாது என்பதும் அதே திருத்தத்தில் இருக்கிறது.

அதாவது, துப்பாக்கி வயதாகி அரும்பொருள் ஆகலாம். உள்ளே மருந்து இருக்கும் தோட்டாவுக்கு அந்தச் சலுகை இல்லை.

காலித் தோட்டா பரவாயில்லையா?

இங்கேதான் குழப்பம் அதிகம். சட்டத்தில் 'வெடிபொருள்' என்பதன் விளக்கத்துக்குள் தோட்டாவின் பாகங்களும் வருகின்றன. அப்படிப் பார்த்தால் காலிக்கூடும் உள்ளே வந்துவிடும்.

ஆனால் 45வது பிரிவின் (டி) உட்பிரிவு ஒரு கதவைத் திறந்து வைக்கிறது. ஆயுதம் அல்லது தோட்டாவின் சிறு பாகத்தை, அதற்கு இணையான மற்ற பாகங்களோடு சேர்த்துப் பயன்படுத்தும் நோக்கம் இல்லாமல் வைத்திருந்தால் சட்டம் பொருந்தாது. பிரைமர் இல்லை, மருந்து இல்லை, துப்பாக்கியும் இல்லை, வெறும் கூடு மட்டும் என்றால் உங்கள் பக்கம் வாதம் வலுவாக இருக்கும்.

வாதம் வலுவாக இருப்பதும், போலீஸ் கேள்வி கேட்காமல் விடுவதும் ஒன்றில்லை. கூடு காலியா என்று பார்த்துச் சொல்வது தடயவியல் ஆய்வகத்தின் வேலை ஆகிவிட்டால், அறிக்கை வரும்வரை நீங்கள் அலைய வேண்டும்.

"எனக்குத் தெரியவே தெரியாது" என்று சொல்லலாமா?

தெரியாமல் இருந்தால் அது நியாயமான பதில். பொருள் தன்னிடம் இருப்பது ஒருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று 1972 தீர்ப்பு ஒன்றிலேயே உச்சநீதிமன்றம் சொல்லியிருக்கிறது. விமானநிலையத்தில் பையின் மூலையில் ஒற்றைத் தோட்டா கிடைத்துச் சிக்கிய பலரின் வழக்குகளை, இந்த அடிப்படையில் டெல்லி உயர்நீதிமன்றம் ரத்து செய்திருக்கிறது. ஆனால் அந்த உத்தரவு வரும்வரை ஒவ்வொருவரும் எஃப்.ஐ.ஆர்., வக்கீல், தவறிப்போன விமானம் என்று எல்லாவற்றையும் கடந்துதான் வந்தார்கள்.

உங்கள் விஷயத்துக்கு வருவோம். பரணில் பெட்டி திறக்காமல் கிடந்தவரை உங்களுக்குத் தெரியாது. திறந்து, பொறிப்பைப் படித்து, ஷோகேஸில் விளக்குப் போட்டு வைத்து, வாட்ஸ்அப்பில் படமும் போட்ட பிறகு 'தெரியாது' என்று சொல்ல முடியாது. காட்சிக்கு வைப்பது உங்களைக் காப்பாற்றாது. தெரிந்தே வைத்திருந்தீர்கள் என்பதற்கு அதுவே சாட்சி.

சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், ஆபத்து உண்டா?

உண்டு. இந்தத் தோட்டாக்களில் இருப்பது பெரும்பாலும் கார்டைட். நீலகிரியின் அருவங்காடு 'கார்டைட் ஃபேக்டரி' என்ற பெயரில் இருக்கிறதே, அதே மருந்துதான். சேமியாவைப் போல நீளநீளக் குச்சிகளாக இருக்கும். ஆரம்பகாலக் கலவையில் 58 சதவீதம் நைட்ரோகிளிசரின். பல பத்தாண்டுகள் வெயிலிலும் ஈரத்திலும் கிடந்த மருந்தும் பிரைமரும் எப்படி நடந்துகொள்ளும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது.

'நாமே கழட்டி மருந்தைக் கொட்டிட்டா?' என்ற யோசனையே வேண்டாம். துளை போடுவது, சூடாக்குவது, பிரைமரைத் தட்டி எடுப்பது எல்லாம் விரலையும் கண்ணையும் பணயம் வைக்கும் வேலை.

புளி போட்டுத் தேய்ப்பதும் வேண்டாம். பொறிப்பு தேய்ந்துபோகும். அமோனியா கலந்த பாலிஷ் இன்னும் மோசம். அதற்கும் ஓர் இந்தியக் கதை இருக்கிறது. பிரிட்டிஷ் இந்தியாவில் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் அடுக்கி வைத்த தோட்டாக்களின் பித்தளைக் கூடுகள் தாமாகவே விரிசல் விட்டன. ஏன் என்று புரியவில்லை. 'பருவகால விரிசல்' என்று பெயர் மட்டும் வைத்தார்கள். குதிரை மூத்திரத்திலிருந்து வரும் அமோனியாதான் காரணம் என்று 1921இல் ஆய்வாளர்கள் விளக்கினார்கள். இன்றைக்கும் உலோகவியல் வகுப்புகளில் சொல்லப்படும் உதாரணம் இது.

அப்போ, கிடைத்தால் என்ன செய்வது?

1. எடுத்த இடத்திலேயே, குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். வெயில், அடுப்பு, சுத்தியல் எதுவும் பக்கத்தில் வேண்டாம்.

2. படம் எடுத்துச் சமூக ஊடகத்தில் போடாதீர்கள். ஆன்லைனில் விலை கேட்காதீர்கள். உரிமம் இல்லாமல் விற்பது இதைவிடப் பெரிய குற்றம்.

3. தாத்தா பெயரில் இருந்த உரிமப் புத்தகம், துப்பாக்கியை ஒப்படைத்த ரசீது, பழைய கடை பில் எதுவாக இருந்தாலும் தேடி எடுங்கள். அந்தத் தோட்டா ஒருகாலத்தில் சட்டப்படி வாங்கப்பட்டது என்பதற்கு அதுதான் ஆதாரம்.

4. தாமதிக்காமல் காவல் நிலையத்துக்குத் தெரிவியுங்கள். உரிமம் காலாவதியான தோட்டாவைக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ 'தேவையற்ற தாமதம் இன்றி' ஒப்படைக்க வேண்டும் என்கிறது 21வது பிரிவு. முதலில் ஒரு வக்கீலிடம் பேசி, எழுத்துமூலம் தகவல் கொடுத்துவிட்டு, எப்படிக் கொண்டுவருவது என்று கேட்டுக்கொள்வது நல்லது. பஸ்ஸிலோ ரயிலிலோ மெட்ரோவிலோ பையில் போட்டு எடுத்துச் செல்லாதீர்கள். ஒப்படைத்ததற்கு ரசீது வாங்குங்கள்.

5. தாத்தாவின் துப்பாக்கியும் வீட்டில் இருந்தால், வாரிசு என்ற முறையில் உரிமம் கேட்டு விண்ணப்பிக்க 2016 ஆயுத விதிகளில் வழி இருக்கிறது. மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தையோ, கமிஷனரேட் உள்ள நகரங்களில் போலீஸ் கமிஷனர் அலுவலகத்தையோ அணுகலாம்.

6. அதே பெட்டியில் புலி நகம், தந்தம், தோல் ஏதாவது இருந்தால் அது வனத்துறை விவகாரம். வேறு சட்டம், வேறு தண்டனை.

அப்போ ஷோகேஸ் காலியாகவே இருக்கணுமா?

இருக்க வேண்டியதில்லை. தோட்டாவை நீக்கிவிட்ட காலி அட்டைப்பெட்டி வெறும் காகிதம்தான். பழைய துப்பாக்கிக் கடைகளின் விலைப்பட்டியல்கள், பில்கள், தாத்தாவின் ஷிகார் புகைப்படங்கள், அவர் கையெழுத்துள்ள காலாவதியான உரிமத்தின் நகல், எல்லாவற்றையும் சட்டகம் போட்டு மாட்டலாம். சேகரிப்பாளர்கள் பலர் தோட்டாவைவிடப் பெட்டியையும் லேபிளையுமே அதிகம் தேடுகிறார்கள்.

தோட்டாவை ஒப்படைக்கும் முன் அடிப்பக்கப் பொறிப்பு, பெட்டியின் லேபிள், எத்தனை இருந்தன ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, காவல் நிலைய ரசீதோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு யாராவது கேட்டால் காட்டுவதற்கு மட்டுமில்லை. '.470' என்ற எண் எப்படி உங்கள் வீட்டுப் பரணுக்கு வந்தது என்று பேரப்பிள்ளைகளுக்குச் சொல்ல, அந்த ஒரு தாள் போதும்.